குமட்டலுக்கும் ஒரு வரலாறு உண்டு: ரெண்டு மாத்திரை, ஒரு வயிறு

1/
இன்னைக்கு இழை கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

உங்க வீட்டில் யாராவது மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கிட்டு, கூடவே ஏடிஹெச்டி எனும் கவனக்குறைபாட்டுக்கும் மாத்திரை எடுக்குறாங்களா? "காலையில மாத்திரை போட்டாலே வயித்தப் பிரட்டுது"ன்னு சொல்றாங்களா? இது அவங்களுக்காக எழுதினது. மருந்து, வயிறு, மூளை மூணும் சேர்ந்த கதை. தொடங்குவது 1887-ல்.

2/
அதுக்கு முன்னாடி என் தவறு ஒண்ணைச் சொல்லிடறேன்.

சில வருஷத்துக்கு முன் ஒரு பெண் என்கிட்ட வந்தாங்க. முப்பதை நெருங்கும் வயசு, ஐடி வேலை. (அவங்க அனுமதியோடுதான் எழுதுறேன். அடையாளங்களை மாத்தியிருக்கேன்.) மூணு மாசமா காலையில் குமட்டல். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டுட்டே இருந்திருக்காங்க. நான் வயித்தைத் தொட்டுப் பார்த்தேன். எண்டோஸ்கோப்பி எழுதினேன். எல்லாம் நார்மல். "டென்ஷனைக் குறைங்கம்மா, காரம் சேர்க்காதீங்க" என்று அனுப்பிவிட்டேன்.

"வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்ற ஒரு கேள்வியை நான் கேட்கவே இல்லை. அவங்களும் சொல்லலை. கூட மாமியார் உட்கார்ந்திருந்தாங்க.

3/
மனநல மருத்துவரிடம் அவங்க ரெண்டு மருந்து வாங்கிக்கிட்டு இருந்தாங்க. ஒன்று மனச்சோர்வுக்கான செர்ட்ராலின். இன்னொன்று ஏடிஹெச்டிக்கான மெத்தில்ஃபெனிடேட்.

"டெஸ்ட் எல்லாம் நார்மல்னா அப்போ இந்த மாத்திரைதான் வயித்தைக் கெடுக்குது" என்று அவங்களே முடிவு பண்ணி, ரெண்டையும் ஒரே நாளில் நிறுத்திட்டாங்க. அடுத்த ரெண்டு மாசம் அந்த வீடு என்ன பாடு பட்டது என்பதை இங்கே விரிவாக எழுத விரும்பலை. உயிர் பிழைச்சு திரும்ப வந்தாங்க என்பது மட்டும் போதும்.

ஒரு குமட்டல் ஒரு உயிரை அந்த விளிம்பு வரைக்கும் கொண்டு போகுமா? போகும். அன்னைக்குத்தான் இந்த மருந்துகளின் வரலாற்றை உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதைச் சொல்றேன், வாங்க.

4/
1887. பெர்லின் நகரம். லசார் எடெலியானு என்ற ருமேனிய வேதியியலாளர் ஒரு புதுச் சேர்மத்தைத் தயாரிக்கிறார். அதுதான் பின்னாளில் ஆம்ஃபெட்டமின். அது உடம்பில் என்ன செய்யும் என்று யாரும் பார்க்கவில்லை. நாற்பது வருஷம் அப்படியே கிடந்தது.

1920-களில் ஆஸ்துமாவுக்கு எஃபெட்ரின் பிரபலமாகிறது. சீன மருத்துவத்தில் பல நூற்றாண்டுகளாகப் பயன்படும் மா ஹுவாங் என்ற செடியில் இருந்து எடுப்பது. செடி தட்டுப்பாடானால் என்ன செய்வது? ஆய்வகத்திலேயே அதுபோல ஒன்றைச் செய்ய முடியுமா என்று லாஸ் ஏஞ்சல்ஸில் கார்டன் ஆலிஸ் என்ற வேதியியலாளர் தேடுகிறார். அந்தத் தேடலில் ஆம்ஃபெட்டமினை மறுபடி செய்கிறார். 1929 ஜூன் மாதம் தன் உடம்பிலேயே ஊசி போட்டுப் பார்க்கிறார்.

இதயம் படபடத்தது. மூக்கடைப்பு விட்டது. மனசு உற்சாகமானது. ராத்திரி தூக்கம் வரலை.

5/
ஃபிலடெல்ஃபியாவில் இருந்த ஸ்மித், க்ளைன் அண்ட் ஃபிரெஞ்ச் என்ற கம்பெனி இதை 'பென்செட்ரின்' என்ற பெயரில் விற்க ஆரம்பிச்சது. முதலில் மூக்கடைப்புக்கு உறிஞ்சும் குழல். அப்புறம் மாத்திரை.

இங்கதான் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம். அந்த மாத்திரையை எதற்காக விற்றார்கள் தெரியுமா? தூக்க நோயான நார்கோலெப்சிக்கு. கூடவே, லேசான மனச்சோர்வுக்கு.

பாஸ்டனில் ஆபிரகாம் மயர்சன் என்ற மனநல மருத்துவர், எதிலும் இன்பம் தோன்றாத நிலைக்கு இதைக் கொடுக்கலாம் என்று 1930-களிலேயே எழுதினார். இன்று நாம் 'ஊக்கி மருந்து', 'மனச்சோர்வு மருந்து' என்று ரெண்டு தனி டப்பாவில் வைக்கிறோமே, தொடக்கத்தில் ரெண்டும் ஒரே டப்பாதான். ஒரு வகையில் உலகின் முதல் மனச்சோர்வு மாத்திரையே இந்த ஊக்கி மருந்துதான்.

6/
சரி, இது எப்படிக் குழந்தைகளுக்கு வந்தது? அது ஒரு தலைவலியின் கதை.

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் நடத்தைச் சிக்கல் உள்ள குழந்தைகளுக்கான ஒரு மருத்துவ இல்லம். அதன் பொறுப்பில் டாக்டர் சார்லஸ் பிராட்லி. அப்போது சிடி ஸ்கேன், எம்ஆர்ஐ எதுவும் கிடையாது. மூளையைப் படம் எடுக்க, முதுகுத்தண்டில் ஊசி போட்டு மூளைத் திரவத்தை வெளியேற்றி, அந்த இடத்தில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். அதுக்கப்புறம் குழந்தைகளுக்குத் தாங்க முடியாத தலைவலி.

பென்செட்ரின் கொடுத்தால் இழந்த திரவம் சீக்கிரம் ஊறும், தலைவலி குறையும் என்று நினைத்தார் பிராட்லி. தலைவலி பெருசா குறையலை.

7/
ஆனால் ஆசிரியர்கள் ஓடி வந்தார்கள். ஒரு இடத்தில் உட்காராத பிள்ளைகள் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள்! பிள்ளைகளே அதைக் 'கணக்கு மாத்திரை' என்று கூப்பிட ஆரம்பிச்சாங்க.

1937-ல் 30 குழந்தைகளிடம் பார்த்ததை பிராட்லி கட்டுரையாக எழுதினார். அதில் 14 பேரின் படிப்பில் வியக்கத்தக்க மாற்றம். மற்றவர்களிடம் அந்த அளவுக்கு இல்லை. தலைவலிக்குக் கொடுத்த மருந்து படிப்புக்கு உதவியது. மருத்துவத்தில் பல கண்டுபிடிப்புகள் இப்படித்தான். எதையோ தேடப் போய் எதுவோ கிடைக்கும். கிடைத்ததைக் கவனிக்க ஒரு கண் வேணும், அவ்வளவுதான்.

8/
இனி ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரத்துக்கு வாங்க. 1944. சீபா என்ற கம்பெனியில் லியாண்ட்ரோ பனிசோன் என்ற வேதியியலாளர் மெத்தில்ஃபெனிடேட்டைத் தயாரிக்கிறார். அவர் மனைவி மார்கரீட்டுக்கு ரத்த அழுத்தம் குறைவு. டென்னிஸ் ஆடப் போகும் முன் இதைப் போட்டுக்கொண்டால் நல்லா ஆட முடியுதுன்னு சொன்னாராம். அவருடைய செல்லப் பெயர் ரீட்டா. மருந்தின் பெயர் ரிட்டாலின்!

1950-களின் நடுவில் சந்தைக்கு வந்தபோது அதுவும் குழந்தைகளுக்கு இல்லை. சோர்வு, மனச்சோர்வு, தூக்க நோய், இவற்றுக்குத்தான். குழந்தைகளுக்குப் பரவலானது 1960-களில்.

9/
இதே நேரத்தில் இன்னொரு ஆறு வேறு மலையில் ஊற்றெடுக்குது.

1952. நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில் சீ வியூ என்ற காசநோய் மருத்துவமனை. படுக்கையிலேயே கிடந்த நோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் என்ற புது டிபி மருந்து கொடுக்கிறார்கள். நோயாளிகள் எழுந்து நடக்கிறார்கள். பசிக்கிறது என்கிறார்கள். வார்டிலேயே ஆடுகிறார்கள்! அந்தப் படம் பத்திரிகைகளில் வந்தது.

டிபி மருந்து மனசை ஏன் தூக்கி நிறுத்துது? மூளையில் நார்அட்ரினலின், செரட்டோனின் போன்ற வேதிப்பொருட்களைச் சிதைக்கும் 'மோனோஅமைன் ஆக்ஸிடேஸ்' என்ற நொதியை அது தடுத்துவிடுகிறது. சிதைப்பது நின்றால் அந்த வேதிப்பொருட்கள் பெருகும். 1957-ல் நேதன் க்ளைன் என்ற மனநல மருத்துவர் இதை மனச்சோர்வுக்கே பயன்படுத்திக் காட்டினார்.

10/
கிட்டத்தட்ட அதே சமயம் ஸ்விட்சர்லாந்தில் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில், முன்ஸ்டர்லிங்கன் என்ற ஊரின் மனநல மருத்துவமனையில், ரோலண்ட் குன் என்ற டாக்டர் இமிப்ரமின் என்ற மருந்தைச் சோதிக்கிறார். மனச்சிதைவுக்கு என்று அனுப்பிய மருந்து. அதற்குப் பயன்படலை. மனச்சோர்வு நோயாளிகள் தேறினார்கள்.

அந்த மருந்தை அனுப்பிய கம்பெனி கெய்கி. அதுவும் பாசல் நகரம்தான். ரிட்டாலினைச் செய்த சீபாவும் இந்த கெய்கியும் 1970-ல் ஒன்றாக இணைந்தன. என் நோயாளியின் மாத்திரை டப்பாவில் பக்கத்து பக்கத்தில் இருந்த ரெண்டு மருந்து வகைகளுக்கும் ஒரே ஊர் பூர்வீகம்!

11/
ரெண்டு வகையையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும்? இதற்கான முதல் பாடம் பாலாடைக்கட்டியில் இருந்து வந்தது.

1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இப்ரோனியாசிட் வகை மருந்து சாப்பிட்டவர்களில் சிலருக்குத் திடீரென மண்டையைப் பிளக்கும் தலைவலி, ரத்த அழுத்தம் எகிறுதல், சிலருக்கு மூளையில் ரத்தக்கசிவு. காரணம் புரியலை. நாட்டிங்ஹாமில் ஒரு மருந்தாளுநர், தன் மனைவிக்குச் சீஸ் சாப்பிட்டால்தான் இது வருகிறது என்று கவனித்துக் கடிதம் எழுதினார். லண்டனில் பாரி பிளாக்வெல் என்ற இளம் டாக்டர் அதைப் பிடித்துக்கொண்டு 1963-ல் நிரூபித்தார்.

பழைய சீஸில் டைரமின் என்ற பொருள் உண்டு. அதைச் சிதைக்கும் நொதியைத்தான் மருந்து பூட்டிவிட்டதே! டைரமின் நேராக ரத்தத்தில் கலந்து நார்அட்ரினலினைக் கொட்ட வைக்கிறது. ஆம்ஃபெட்டமினும் அதே வேலையைத்தான் செய்யும்.

12/
அதனால்தான் அந்தப் பழைய வகை மனச்சோர்வு மருந்தோடு ஊக்கி மருந்தைச் சேர்க்கக் கூடாது, நடுவில் குறைந்தது 14 நாள் இடைவெளி வேணும் என்ற விதி இன்றும் இருக்கு.

"அந்த மருந்தெல்லாம் இப்ப யாருங்க கொடுக்கறாங்க?" என்று கேட்கலாம். ரொம்ப அரிதுதான். ஆனால் கவனிங்க: லினிசோலிட் என்ற ஆன்டிபயாட்டிக், நம்ம ஊரில் மருந்துக்கு அடங்காத டிபிக்குக் கொடுக்கிறோம். அதுவும் இதே நொதியை ஓரளவு தடுக்கும். டிபி வார்டில் ஆரம்பித்த கதை சுத்திச் சுத்தி டிபி வார்டுக்கே வந்து நிக்குது. மனநல மாத்திரை எடுப்பவர்கள் டிபி டாக்டரிடம் அதைச் சொல்லியே ஆக வேணும்.

13/
இப்ப குமட்டலுக்கு வருவோம். அதற்கு செரட்டோனினின் பிறந்த வீடு எது என்று தெரியணும்.

'சந்தோஷ ஹார்மோன், மூளையில் சுரக்கும்' என்றுதானே கேள்விப்பட்டிருக்கீங்க? 1930-களில் இத்தாலியின் விட்டோரியோ எர்ஸ்பாமர் இதை முதலில் கண்டெடுத்தது குடலில். 'என்டரமின்' என்று பெயர் வைத்தார். குடல் சரக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1948-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மாரிஸ் ராப்போர்ட், ஆர்டா கிரீன், இர்வின் பேஜ் மூவரும் மாட்டு ரத்தத்தில் இருந்து ரத்தக்குழாயைச் சுருக்கும் ஒரு பொருளைப் பிரித்து செரட்டோனின் என்றார்கள். அப்புறம்தான் தெரிஞ்சது, ரெண்டும் ஒன்றே. 1953-ல் பெட்டி ட்வாரோக் அது மூளையிலும் இருக்கிறது என்று காட்டினார்.

குடல் முதலில். ரத்தம் அடுத்து. மூளை கடைசியில்.

14/
நம்ம உடம்பில் இருக்கும் செரட்டோனினில் பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான். கெட்டுப்போன உணவு உள்ளே போனால் குடல் செல்கள் செரட்டோனினைக் கொட்டும். வேகஸ் நரம்பு அந்தச் சேதியை மூளைக்குக் கொண்டு போகும். "விஷம் வந்திருக்கு, வெளியே தள்ளு." அதுதான் குமட்டல், வாந்தி.

1957-ல் காடம், பிகாரெல்லி என்ற ரெண்டு ஆய்வாளர்கள் கினிப்பன்றியின் குடலில் செரட்டோனினுக்கு ரெண்டு வகை ஏற்பிகள் இருப்பதைக் காட்டினார்கள். அதில் ஒன்றைத்தான் பின்னாளில் 5-ஹெச்டி-3 என்றோம். 1980-களில் அதை மட்டும் அடைக்கும் மருந்தாக ஒன்டான்செட்ரான் உருவானது. புற்றுநோய் கீமோதெரபி எடுப்பவர்களின் வாந்தியை அது கட்டுப்படுத்தியது. இன்று குழந்தைக்கு வாந்தி என்றாலும் டாக்டர் எழுதுவது பெரும்பாலும் அதைத்தான்.

15/
மூளைக்குள் வாந்தி மையம் ஒன்று இருக்கு. அதன் வாசல்காவலன் பின்மூளையின் அடியில், 'ஏரியா போஸ்ட்ரெமா' என்ற சின்ன இடம். 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் போரிசன், வாங் என்ற ஆய்வாளர்கள் விலங்குச் சோதனைகளில் இதைத் துலக்கினார்கள். மூளைக்கு ரத்தத்தில் இருந்து எது வரலாம் எது வரக்கூடாது என்று ஒரு தடுப்புச்சுவர் உண்டு. இந்த இடத்தில் அந்தச் சுவர் ஓட்டை. வேணும்னே விட்ட ஓட்டை. ரத்தத்தில் வேண்டாதது கலந்தால் முதலில் மோப்பம் பிடிக்கத்தான்.

இந்தக் காவலன் டோபமினுக்கும் குரைப்பான், செரட்டோனினுக்கும் குரைப்பான்.

16/
இப்ப ரெண்டு மாத்திரையையும் வயித்துக்குள் அனுப்புவோம்.

1972-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் லில்லி கம்பெனியின் பிரையன் மொல்லாய், டேவிட் வாங் குழு ஃப்ளூவாக்ஸெட்டினைக் கண்டுபிடித்தது. 1987 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி. பழைய மருந்துகளைப்போல இதயத்தைப் பதம் பார்க்காது, சீஸுக்குத் தடை இல்லை. உலகமே கொண்டாடியது. செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

ஆனால் மாத்திரைக்கு விலாசம் தெரியாதே! மூளையில் மட்டும் செரட்டோனினைக் கூட்டு என்று சொல்ல முடியாது. குடலிலும் கூட்டும். அதனால்தான் தொடக்கத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் குமட்டல். பெரும்பாலானவர்களுக்கு ஒன்று ரெண்டு வாரத்தில் குடல் பழகிக்கொள்ளும்.

17/
ஊக்கி மருந்து இன்னொரு பக்கம். அது நார்அட்ரினலினையும் டோபமினையும் கூட்டும். நார்அட்ரினலின் 'புலி துரத்துது, ஓடு' என்பதற்கான ஹார்மோன். புலி துரத்தும்போது இட்லி செரிக்க நேரம் ஏது? இரைப்பை மந்தமாகும். பசி அடங்கும். பசி அடங்குவதைப் பார்த்துத்தான் 1940-களில் இருந்து இதே ஆம்ஃபெட்டமினை உடல் இளைக்க அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். அதன் அட்டூழியங்களைத் தனி இழையாக எழுதலாம்.

ஆக, ஒரு மாத்திரை குடலில் மணி அடிக்குது. இன்னொரு மாத்திரை இரைப்பையை மந்தமாக்கி, காலி வயிற்றோடு உட்கார வைக்குது. மேலே காவலன் ரெண்டு பக்கமும் குரைக்கிறான். நடுவில் மாட்டுவது காலை ஒன்பது மணிக்கு ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும் நம்ம ஆள். இது கேஸ் இல்லைங்க. நடிப்பும் இல்லை.

18/
இன்னும் ஒரு கண்ணி பாக்கி. கல்லீரல்.

1975, லண்டன். ராபர்ட் ஸ்மித் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் டெப்ரிசோக்வின் என்ற ரத்த அழுத்த மருந்தைத் தாங்களே சாப்பிட்டுப் பார்த்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்மித் மட்டும் ரத்த அழுத்தம் சரிந்து சுருண்டு விழுந்தார். ஏன்? அந்த மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதி அவருக்குப் பிறவியிலேயே வேலை செய்யலை. அந்த நொதிக்கு இன்று சிப்-2-டி-6 என்று பெயர். 1977-ல் முடிவுகள் வெளிவந்தன.

பிறவியில் நொதி சரியாக இருப்பவர்களுக்கும் அதைப் பூட்டிவிடும் மருந்துகள் உண்டு. ஃப்ளூவாக்ஸெட்டின், பராக்ஸெட்டின், புப்ரோபியான் மூன்றும் முக்கியமானவை. மூன்றுமே மனச்சோர்வு மாத்திரைகள்!

19/
ஏடிஹெச்டிக்கு அடோமாக்ஸடின் என்ற மருந்தும் கொடுக்கிறோம். இது ஊக்கி வகை இல்லை. ஃப்ளூவாக்ஸெட்டினைக் கொடுத்த அதே கம்பெனியின் அதே வேதிக்குடும்பத்துப் பிள்ளை. முதலில் மனச்சோர்வுக்கு என்று முயன்று, பிறகு 2002-ல் ஏடிஹெச்டிக்கு அனுமதி வாங்கியது. இது சிதைவது சிப்-2-டி-6 வழியாகத்தான். அந்த நொதி இல்லாதவர்களுக்கு ரத்தத்தில் சேரும் மருந்து சுமார் பத்து மடங்கு. பராக்ஸெட்டினோடு சேர்த்தால் மற்றவர்களுக்கும் பல மடங்கு கூடும்.

அதாவது சீட்டில் எழுதியது 40 மில்லிகிராம். உடம்பு உணர்வது அதைவிடப் பல மடங்கு. குமட்டாமல் என்ன செய்யும்?

ஆம்ஃபெட்டமினும் ஓரளவு இந்த வழிதான். இந்தியாவில் ஏடிஹெச்டிக்கு அது கிடைப்பதில்லை, ஆனால் வெளிநாட்டில் இருக்கும் நம்ம பிள்ளைகள் பலர் எடுக்குறாங்க. மெத்தில்ஃபெனிடேட் வேறு நொதியில் சிதைவதால் இந்தச் சிக்கல் அதற்குப் பெரிதாக இல்லை.

ஒரு எச்சரிக்கை: ஃப்ளூவாக்ஸெட்டின் நிறுத்திய பிறகும் சில வாரங்கள் உடம்பில் தங்கும். பூட்டும் அதுவரை தொங்கும்.

20/
"கதை போதும் டாக்டர், என்ன செய்யணும்?" அதுதானே? வாங்க.

ஒன்று: நீங்களாக நிறுத்தாதீங்க. மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென விட்டால் தலைசுற்றல், தலைக்குள் ஷாக் அடித்த மாதிரி, எரிச்சல், கூடவே அதே குமட்டல்! மாத்திரையை மறந்த நாளில் குமட்டல் கூடுதா என்றும் பாருங்க.

ரெண்டு: வெறும் வயிற்றில் வேண்டாம். ஊக்கி மாத்திரை பசியைக் கொல்லும் முன்பே சாப்பிட்டுடுங்க. ரெண்டு இட்லி, கஞ்சி, வாழைப்பழம், எது இறங்குதோ அது. மதியம் பசிக்காது, கொஞ்சம் கொஞ்சமா மோர், தயிர் சாதம், சுண்டல். ராத்திரி மருந்து இறங்கியதும் மொத்தமா அள்ளிச் சாப்பிட்டால் அதுவும் பிரட்டும்.

மூணு: வெறும் வயிற்றில் ஃபில்டர் காபி? கொஞ்ச நாள் தள்ளி வைங்க. அதுவும் ஒரு ஊக்கிதான். முக்கியமா ஃப்ளூவோக்ஸமின் எடுப்பவர்களுக்குக் காபியின் கஃபீன் உடம்பை விட்டு லேசில் போகாது.

21/
நாலு: நேரத்தை மாற்றலாம். ரெண்டையும் காலையில் சேர்த்துப் போடாமல், மனச்சோர்வு மாத்திரையை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்க. சிலருக்குத் தூக்கம் கெடும், அதனால் கேட்டுத்தான். நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரையை உடைக்கவோ நுணுக்கவோ கூடாது.

ஐந்து: ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். ரெண்டு மாத்திரையின் அளவையும் ஒரே வாரத்தில் கூட்டினால் குமட்டலுக்கு எது காரணம் என்று கடவுளுக்கே தெரியாது.

ஆறு: வாந்தி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்காதீங்க. டோம்பெரிடோன், ஒன்டான்செட்ரான் ரெண்டும் இதயத் துடிப்பின் லயத்தை மாற்றக்கூடியவை. எஸ்சிடலோபிராமும் அப்படியே. மெட்டோகுளோபிரமைடு மூளையில் டோபமினைத் தடுக்கும், அதாவது ஊக்கி மருந்துக்கு நேர் எதிர். டாக்டர் பார்த்து எழுதினால் வேற விஷயம். இஞ்சித் துண்டு, சுக்கு வெந்நீர் குடிச்சுப் பாருங்க, தப்பில்லை.

ஏழு: பெண்களே, முதலில் மாதவிடாய் தேதியைப் பாருங்க. எல்லாக் குமட்டலும் மாத்திரையால் வருவதில்லை!

22/
எட்டாவது, இது மட்டும் அவசரம். குமட்டலோடு காய்ச்சல், கொட்டும் வியர்வை, கை கால் உதறல், தசை இறுக்கம், பேதி, தாறுமாறான படபடப்பு, குழப்பம் இருந்தால் செரட்டோனின் அளவுக்கு மீறிவிட்டது என்ற சந்தேகம் வரணும். இழை படிச்சுட்டு இருக்காதீங்க, மாத்திரை டப்பாக்களோடு உடனே மருத்துவமனை. ஓயாத வாந்தி, ரத்த வாந்தி, நெஞ்சுவலி, வேகமாக எடை இறங்குவது, இவற்றுக்கும் காத்திருக்க வேண்டாம்.

மனசு தாங்க முடியாமல் உயிரை விடும் எண்ணம் வந்தால் 14416. டெலி மானஸ், இந்திய அரசின் இலவச எண், எந்த நேரமும். தமிழில் பேசலாம்.

23/
அந்தப் பெண்ணுக்கு என்ன ஆச்சு?

மனநல மருத்துவரும் நானும் ஃபோனில் பேசிக்கொண்டோம். அதுவே முதல் முறை. செர்ட்ராலினைக் குறைந்த அளவில் மறுபடி ஆரம்பித்து, ராத்திரிக்கு மாற்றினோம். மூணு வாரம் அது மட்டும். மனசு கொஞ்சம் நின்ற பிறகு மெத்தில்ஃபெனிடேட், இட்லி சாப்பிட்ட பிறகு. முதல் பத்து நாள் லேசா பிரட்டல் இருந்தது. "இது போயிடும்னு நீங்க முன்னாடியே சொன்னதால பயமா இல்ல டாக்டர்" என்றாங்க.

அன்னைக்கும் மாமியார் கூட வந்திருந்தாங்க. இந்தத் தடவை மாத்திரை டப்பா அவங்க கையில் இருந்தது. "காலைக்கு இது, ராத்திரிக்கு இது, சரிதானே சார்?" என்று கேட்டாங்க. எனக்கு அந்த எண்டோஸ்கோப்பிச் சீட்டு ஞாபகம் வந்தது.

24/
ஒரு கடிதம் எழுதிய மருந்தாளுநர் இல்லையென்றால் சீஸின் மர்மம் இன்னும் எத்தனை பேரைக் கொன்றிருக்குமோ. அவர் பெரிய ஆராய்ச்சி எதுவும் செய்யலை. மனைவி என்ன சாப்பிட்டாங்க, என்ன மாத்திரை போட்டாங்க, எப்போ வலிச்சது என்று கவனித்துச் சொன்னார்.

நீங்களும் அதைச் செய்யலாம். ஒரு வாரம் ஒரு தாளில் எழுதுங்க: எத்தனை மணிக்கு எந்த மாத்திரை, என்ன சாப்பிட்டீங்க, எத்தனை மணிக்குப் பிரட்டியது. அந்தத் தாளோடும் எல்லா மாத்திரை அட்டைகளோடும் டாக்டரிடம் போங்க. பல் டாக்டரோ டிபி டாக்டரோ வயிற்று டாக்டரோ, யாராக இருந்தாலும் காட்டுங்க. வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை. சர்க்கரை மாத்திரையை மறைக்கிறோமா என்ன?

நான் அன்னைக்குக் கேட்காமல் விட்ட மாதிரி உங்க டாக்டரும் கேட்காமல் விடலாம். நீங்க சொல்லிடுங்க.

தேவைப்படுவோருக்குப் பகிருங்கள்.